பதிமூன்றாம் சேனல்

குழாய் கம்பெனியின் பின்வாசலில் நிற்கும் கேட்காரருக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் சல்லடை. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதுகைத் திருப்பிவிட்டால் வேறு பெயரில் கூப்பிட்டதுமில்லை. ஷிப்ட் முடிந்து வெளியே போகிற ஒவ்வொருவரும் அவர் முன்னால் பையைத் திறந்து காட்ட வேண்டும். சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் தட்டிப் பார்ப்பார். தண்ணீர் பாட்டிலைக் குலுக்கிக் காதருகே வைத்துக் கேட்பார். பித்தளைக் குழாய்த் தலைகள் சின்னவை, வெளியே நல்ல விலைக்குப் போகிறவை. ஒரு டப்பாவுக்குள் நாலைந்தை அடுக்கிக்கொண்டு போய்விடலாம் என்றால் மனுஷ புத்தி சும்மா இருக்குமா?

ஆரம்பத்தில் அவர் இப்படி இல்லை என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லாரையும் சிரித்துப் பேசித்தான் அனுப்பினாராம். அப்போது ஒரு ஃபோர்மேன் இருந்தார். போகும்போதெல்லாம் தோளில் தட்டி, "என்ன தம்பி, சாப்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். வெயிலோ மழையோ, கையில் குடை இருக்கும். குடைக்குள் கையை விட்டுப் பார்க்க யாருக்குத் தோன்றும்? ஒருநாள் காற்றில் குடை விரிந்துகொள்ள, கேட்டுக்கு நேர் எதிரே குழாய்த் தலைகள் சடசடவென்று கொட்டின. ஃபோர்மேனுக்கு வேலை போயிற்று. இவருக்கும் போயிருக்கும், காலில் விழாத குறையாகக் கெஞ்சித் தப்பித்தார். அன்று முதல் யாராவது அன்பாகப் பேசினாலே அவர்கள் பையை இரண்டு தடவை பார்ப்பார். "சாப்டீங்களா?" என்று கேட்டால், "ஏன் கேக்கறே?" என்பார்.

கேட்டில் சந்தேகப்பட்டால் சம்பளம் உண்டு. வீட்டிலும் அதையே செய்தால் என்ன கிடைக்கும்? ஆனாலும் செய்தார். பால்காரர் ஊற்றிய பாலை மறுபடி அளந்து பார்ப்பார். கடையில் நிறுத்து வாங்கிய பொருளை இன்னொரு கடைத் தராசில் நிறுப்பார். தெருவில் யாராவது வணக்கம் சொன்னால், என்ன காரியமாக இருக்கும் என்று வீடு வந்து சேரும்வரை யோசிப்பார்.

அவருடைய மனைவி இதற்கு நேர் எதிர். பஸ் நிலையத்தில் விசாரணைக் கவுன்ட்டரில் அவளுக்கு வேலை. எந்த பஸ் எங்கே நிற்கும், எப்போது கிளம்பும் என்று ஒரே பதிலை ஆயிரம் பேருக்குச் சொன்னாலும் முகம் சுளிக்காத பெண். வீட்டுக்கு வந்தும் அந்த வாய் ஓயாது. கணவர் ஊமைக் கோட்டானாக உட்கார்ந்திருந்தால், "உங்களுக்கும் சேத்து நானே பேசிடறேன், விடுங்க" என்பாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு அது. அவள் பேச்சுதான் அந்த வீட்டின் சத்தம் எல்லாம்.

அந்தச் சத்தம் ஒருநாள் காலை கவுன்ட்டரிலேயே நின்றுபோயிற்று. யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தவள் பாதி வார்த்தையில் சரிந்தாள். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது.

டாக்டர் அவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "நாம சொல்றதெல்லாம் அவங்களுக்கு நல்லாப் புரியுது. வார்த்தைதான் வெளிய வரலை. இந்த மாசங்கள்தான் முக்கியம். யாராவது பக்கத்துல உக்காந்து பேச வெச்சுக்கிட்டே இருக்கணும். இப்ப விட்டுட்டோம்னா அப்புறம் திரும்பி வர்றது கஷ்டம்."

இதில் பின்பாதி மட்டும்தான் கேட்காரரின் மண்டையில் ஏறியது. முன்பாதி எங்கே போயிற்றோ!

வேலையை விட்டுவிட்டு மனைவி பக்கத்தில் உட்கார அவருக்கு வசதி இல்லை. அதனால் இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. அவருக்குக் காலை ஷிப்ட் வருகிற வாரங்களில் மனைவியின் தங்கை வந்துவிடுவாள். அவள் சூப்பர் மார்க்கெட்டில் கேஷ் கவுன்ட்டரில் இருப்பவள். மத்தியானத்துக்கு மேல்தான் அவளுக்கு வேலை. மத்தியான ஷிப்ட் வருகிற வாரங்களுக்கு ஒரு ஹோம் நர்ஸ். நாற்பதைத் தாண்டிய பெண். குரல் மெதுவானது, கை சுத்தமானது. அவர் கிளம்புகிற நேரத்துக்கு வந்து, ராத்திரி அவர் திரும்பும்வரை இருந்துவிட்டுப் போவாள்.

தங்கை சொந்த ரத்தம். நர்ஸ் வெளியாள். கேட்காரருக்குத் தூக்கம் வருமா? மொபைல் கடைக்காரரிடம் போனார். அவர் ஒரு கேமராவும், கட்டிலோரம் வைக்க ஒரு பட்டனும் எடுத்துக் கொடுத்தார். கேமராவில் அறை முழுக்க போனில் தெரியும். பட்டனை அமுக்கினால் எங்கே இருந்தாலும் கேட்காரரின் போன் அலறும். இரண்டுக்கும் வீட்டில் வைஃபை வேண்டும் என்றார்.

கேபிள்காரர் ஏணியும் வயருமாக வந்து ரௌட்டரை மாட்டினார். அந்தக் கட்டடத்தில் இவர்கள் வீடு கீழ்த்தளத்தில் இருந்தது. மேலே கணக்கு ஆபீஸ், பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர், எதிரே பல் டாக்டர். எல்லாரிடமும் வைஃபை ஓடிற்று. அந்தப் பெயர்களை எல்லாம் போனில் பார்த்ததும் கேட்காரருக்குச் சுருக்கென்றது.

"இவ்வளவு பேர் சுத்தி நிக்கறாங்களேப்பா. என்னோடதை யாரும் இல்லாத பக்கமாப் போட்டு விடு."

"ஆட்டோல வெச்சிருக்கேன் சார். ஆன் பண்ற நேரத்துல எங்க கூட்டம் இல்லையோ, அங்க அதுவாப் போய் உக்காந்துக்கும்."

கேட்காரருக்குப் பரம திருப்தி. கூட்டத்தைக் கண்டால் ஒதுங்கிப் போகிற மெஷின். தன் குணத்துக்கு ஏற்ற மெஷின் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த மெஷினுக்கு அவர் ஒரு சட்டமும் போட்டார். வீட்டை விட்டுக் கிளம்பும்போதுதான் ரௌட்டரைப் போடுவார். வந்ததும் கேமரா ஓடுகிறதா என்று ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி அணைத்துவிடுவார். "நானே வீட்ல இருக்கும்போது என்னை எவன் காவல் காக்கணும்? நான் பனியனோட நிக்கறதை எங்கயோ ஒருத்தன் உக்காந்து பாக்கறதுக்கா காசு குடுத்து வாங்கினேன்?" என்பார். ஆள் நிற்காத கேட்டைப் பூட்டி வைப்பது அவர் தொழிலில் முதல் பாடம்.

முதல் வாரம் காலை ஷிப்ட். விடியுமுன் ரௌட்டரைப் போட்டுவிட்டுக் கிளம்பினார். கேட்டில் கூட்டம் ஓய்ந்ததும் போனை எடுத்துப் பார்த்தால் அறை பளிச்சென்று தெரிந்தது. கொழுந்தியாள் அக்காவுக்குத் தலை வாரினாள், துணி மடித்தாள், நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள். எல்லாம் தெரிந்தது.

அடுத்தது மத்தியான ஷிப்ட். நர்ஸ் வந்ததும் ரௌட்டரைப் போட்டுவிட்டுப் போனார். கேட்டுக்குப் போய்ச் சேர்ந்து போனைப் பார்த்தால் படம் கறுப்பு. கேமரா தொடர்பில் இல்லை என்று ஒரு வரி. உடனே வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, கேமராவைத் தொட்டியா?"

"இல்லையே சார். நான் ஏன் தொடப் போறேன்?"

"லைட்டு எரியுதா?"

"சிவப்பா மினுக்கு மினுக்குன்னு எரியுது."

"வைஃபை?"

"அது பச்சையா எரியுது சார். அக்கா போன்ல பாட்டுகூட ஓடிட்டிருக்கு."

பாட்டு ஓடுகிறது. வைஃபை இருக்கிறது. கேமரா மட்டும் இல்லை! அவருக்கு மூக்கு வேர்த்துவிட்டது. ராத்திரி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் ரௌட்டரை அணைத்துப் போட்டார். கொஞ்ச நேரத்தில் கேமராவில் நீல விளக்கு எரிந்தது. போனில் படம் வந்தது. படத்தில் நர்ஸும் நின்றாள்.

"நான் போட்டா வருது. நீ இருந்தா வரலையே, எப்படி?"

"எனக்கென்ன சார் தெரியும், மெஷின் சமாச்சாரம்?"

எனக்கென்ன தெரியும். கேட்டில் மாட்டுகிறவன் முதலில் சொல்கிற வார்த்தை அதுதான்.

மறுநாளும் கறுப்பு. அதற்கு மறுநாளும் கறுப்பு. கேட்காரர் தன் வித்தையைக் காட்டத் தொடங்கினார். கேமராவின் வயரைச் சுவரோடு சேர்த்து டேப் ஒட்டி, டேப்பின் ஓரத்தில் பென்சிலால் கோடு இழுத்துவிட்டுப் போனார். சுவிட்சுக்குக் குறுக்கே ஒரு நூலைக் கட்டினார். ராத்திரி வந்து பார்த்தால் கோடு கோட்டிலேயே இருந்தது, நூல் அறுபடவில்லை. சாதாரண மனுஷனாக இருந்தால், பாவம், இவள் தொடவில்லை என்று முடிவுக்கு வருவான். அவர் வந்த முடிவு வேறு: பலே கெட்டிக்காரி!

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நர்ஸ் இருக்கும்போதே படம் ஒழுங்காக வந்தது. அன்று அவள் மனைவியின் கன்னத்தை இரண்டு விரலால் பிடித்து வாயைக் குவிக்க வைத்து ஏதோ சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மனைவி சிரித்தாள். சிரித்தது ஒரு பக்க உதடுதான் என்றாலும் சிரிப்பு சிரிப்புதானே? அதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டிய மனுஷர், இன்றைக்கு இவளுக்குத் தப்பு செய்கிற அவசியம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தார். சந்தேகம் பிடித்தவனுக்குச் சாட்சி எந்தப் பக்கம் சொன்னாலும் ஒன்றுதான்.

ஆனால் அவள் வந்ததிலிருந்து வீட்டில் ஒன்று நடந்துகொண்டிருந்தது, அது அவருக்கும் தெரியும். மனைவிக்கு "வா" வந்திருந்தது. "பால்" வந்திருந்தது. பாட்டு ஓடினால் ராகம் பிசகாமல் முனகினாள். கொழுந்தியாள் கண் கலங்கிச் சொன்னாள்: "நான் உக்காந்து எவ்ளோ பேசினாலும் அக்கா கேட்டுட்டுதான் இருப்பா மாமா. அந்தப் பொண்ணு வந்தப்புறம்தான் வாயைத் தொறக்கறா." கேட்காரருக்கும் நெஞ்சு குளிர்ந்தது. கூடவே, இவ்வளவு நல்லது ஏன் செய்கிறாள் என்றும் தோன்றியது. குடையோடு போன ஃபோர்மேனும் நல்லவராகத்தான் இருந்தார்.

பிறகு எதைப் பார்த்தாலும் குறைந்தாற்போலத் தெரிந்தது. மனைவிக்குத் தடவும் எண்ணெய் குறைந்திருந்தது. சோப்பு சீக்கிரம் கரைந்தது. நர்ஸின் பை வரும்போது தொங்கியதைவிடப் போகும்போது கனமாகத் தொங்கியது. ஒரு ராத்திரி, அவள் வாசல்படியில் செருப்பை மாட்டும்போது அவர் வாயிலிருந்து அது வந்துவிட்டது. பழக்க தோஷம்.

"பையைக் கொஞ்சம் திறந்து காட்டும்மா."

 அவள் பையைத் தரையில் வைத்துத் திறந்தாள். ஒரு டப்பா, ஒரு துண்டு, கெட்டி அட்டைகளாக ஒரு கட்டு. அட்டை ஒவ்வொன்றிலும் பழைய வாரப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய படம்: ஜன்னல், செருப்பு, நாய், கை.

"அக்காவுக்குப் பேச்சு சொல்லிக் குடுக்க ஒட்டினது சார். வேற ஒண்ணும் இல்ல."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பைக்குள் ஒன்றும் கிடைக்காத கோபம் அவருக்கு. "இது இருக்கட்டும். தினம் கேமராவை ஏன் அணைக்கறே? அதைச் சொல்லு முதல்ல."

"நான் தொடலைன்னு எத்தனை தடவை சார் சொல்றது?"

"நெருப்பில்லாமப் புகையாது. நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

அவள் அட்டைகளை அடுக்கி உள்ளே வைத்தாள். "அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்."

"நான் சொல்லிக்கறேன்" என்று கேட்காரர் வாசலை மறித்து நின்றார்.

கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தால், மனைவி இடது கைக் கட்டை விரலால் கட்டிலோரப் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தாள். விட்டு விட்டு அமுக்கவில்லை, விடாமல் அமுக்கினாள். விரல் நுனி வெளுத்திருந்தது. ரௌட்டரை அதற்குள் அணைத்தாயிற்று. எந்தப் போனும் அலறவில்லை. தாகம் போலிருக்கிறது என்று தண்ணீர் கொண்டுவந்து வாயருகே வைத்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தண்ணீர் தலையணையில் கொட்டியது.

அதற்கப்புறம் அவள் வாயைத் திறக்கவில்லை. "வா" போயிற்று, "பால்" போயிற்று. பாட்டுப் போட்டால் கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் பார்த்துவிட்டு, "நல்லா வந்துட்டிருந்ததே, என்ன பண்ணினீங்க?" என்று கேட்டார். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாற்போல் ஆகிவிட்டதோ என்று பஸ்ஸில் திரும்பும்போது கேட்காரர் முதல் தடவையாகப் பயந்தார். அவள் இனிமேல் பேசவே மாட்டாளோ? அவள் பேசாத வீட்டில் மீதிக் காலத்தை எப்படிக் கழிப்பது?

வேறு நர்ஸ் கிடைக்கும்வரை கொழுந்தியாள்தான் கை கொடுத்தாள். கடையில் கெஞ்சிக் கூத்தாடி வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு மத்தியானத்துக்கு வந்தாள். கேட்காரர் வழக்கம்போல் ரௌட்டரைப் போட்டுவிட்டுக் கிளம்பினார். இனி நிம்மதி. கேட்டுக்குப் போய்ப் போனை எடுத்தார்.

படம் கறுப்பு.

அப்போதாவது புத்தி வந்ததா? கை தானாகப் போனை அமுக்கிவிட்டது.

"என்னம்மா, கேமராவை ஏன் அணைச்சே?"

அந்தப் பக்கத்திலிருந்து வந்தது பாருங்கள் பதில்!

"என்ன மாமா சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க, காதுல சரியா விழல."

"இல்லம்மா, படம் வரல, அதான்…"

"அந்தப் பொண்ணை விரட்டினப்போ வாயை மூடிட்டிருந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும். இப்ப நானும் திருடியா? நாளைக்கு உங்க பொண்டாட்டியே கட்டில்லேர்ந்து எறங்கி வந்து அணைச்சுட்டான்னு சொல்லுவீங்களா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க? படம் வரலைன்னா மெஷின்காரனைக் கூப்பிடுங்க. உங்க கேட்டு இல்ல மாமா இது, வீடு!"

போனை வைத்துவிட்டாள். கேட்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். இவளைச் சந்தேகப்பட முடியாது. எவ்வளவு முயன்றும் முடியவில்லை. இவள் அணைக்கவில்லை என்றால், அவளும்…? அன்று ஷிப்ட் விட்டபோது யாருடைய பையையும் அவர் சரியாகப் பார்க்கவில்லை. சல்லடைக்கு உடம்பு சரியில்லை போல என்று பேசிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் மத்தியானம் கேபிள்காரர் வந்தார். மேலே கணக்கு ஆபீஸ், பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர், எதிரே பல் டாக்டர் எல்லாம் மும்முரமாக ஓடுகிற நேரம். ரௌட்டரைப் போட்டார். கேமராவில் சிவப்பு விளக்கு மினுக்கியது. தன் போனில் எதையோ திறந்து பார்த்தவர், "அட, இங்க வந்து உக்காந்திருக்கா!" என்றார்.

"யாரு?" என்று கேட்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"உங்க ரௌட்டர் சார். பதிமூணாம் சேனல்ல போய் உக்காந்திருக்கு. ரேடியோ ஸ்டேஷன் மாதிரி வெச்சுக்கங்களேன். ஒண்ணுலேர்ந்து பதிமூணு வரைக்கும் இடம் இருக்கு. இந்த நேரத்துல ஆபீஸ்காரங்க எல்லாம் முன்னாடி இடங்களைப் பிடிச்சுட்டாங்க. இது கூட்டமே இல்லாத கடைசில போய் ஒதுங்கிடுச்சு."

"அதானே நான் கேட்டது? யாரும் இல்லாத இடம்."

"கேட்டீங்க சார். ஆனா இந்தக் கேமரா வேற நாட்டுக்குன்னு செஞ்சது, அங்க பதினொண்ணு இடம்தான். பதினொண்ணோட அதுக்குக் காது நின்னுடும். பதிமூணுல நீங்க தொண்டை கிழியக் கத்தினாலும் அதுக்குக் கேக்காது. பட்டனும் அதே ஜாதிதான். போனுக்கு எல்லாம் கேக்கும், அதனால பாட்டு ஓடும்."

"ராத்திரி நான் போட்டா வந்துதேப்பா?"

"ராத்திரி ஆபீஸ் மூடிடுவாங்கல்ல? முன்னாடி இடம் காலியா இருக்கும். அங்க உக்காந்துக்கும். விடியக்காலைல போட்டாலும் அப்படித்தான். ஒரு தடவை உக்காந்தா, அணைக்கிற வரைக்கும் எழுந்திருக்காது."

விடியற்காலையில் போட்டால் கொழுந்தியாள். மத்தியானம் போட்டால் நர்ஸ். ராத்திரி போட்டால் அவரே. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸே கிடையாது. கேட்காரருக்கு ஒவ்வொன்றாக விளங்கியது.

"அப்ப யாருமே அணைக்கலையா?"

"வேற யாரு சார்? நீங்கதான் தினம் அணைச்சு அணைச்சுப் போடறீங்க. காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதையா, யார் மேலயாவது பழியைப் போட்டுட்டீங்களா?"

கேபிள்காரர் சிரித்துக்கொண்டே ரௌட்டரை ஆறாம் சேனலில் கட்டிப் போட்டார். கூட்டம்தான், ஆனால் எல்லாருக்கும் காது கேட்கிற இடம், இனி இதை அணைக்காதீர்கள் என்றார். நீல விளக்கு எரிந்தது. அதற்காக இத்தனை நாள் தவித்தவர், அதைப் பார்க்கக்கூட இல்லை.

அன்று கேட்காரர் லீவு போட்டுவிட்டு நர்ஸைத் தேடிப் போனார். நர்ஸின் வீடு ஒரு சந்துக்குள், மாடியில் ஒற்றை அறை. படி முழுக்க ஈரத் துணி காய்ந்தது. கதவைத் திறந்தவள் இவரைப் பார்த்து ஆச்சரியப்படவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"வாங்க சார். உக்காருங்க. பை உள்ள இருக்கு, எடுத்துட்டு வரட்டுமா?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பதிமூணாம் சேனல், ஆபீஸ் வைஃபை, காது கேட்காத கேமரா என்று ஒன்று விடாமல் ஒப்பித்தார். "தப்புப் பண்ணிட்டேன்மா. உன் மேல ஒரு குத்தமும் இல்ல. எல்லாம் அந்த மெஷின் பண்ணின வேலை."

அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"மெஷின் கதையெல்லாம் எனக்கு எதுக்கு சார்? நான் இருந்த நேரம் பூரா அக்கா அந்த ரூம்லதானே இருந்தாங்க? அவங்களுக்குக் கண்ணு தெரியுது. காது கேக்குது. நான் கேமராவைத் தொட்டேனா இல்லையான்னு அவங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அவளாலதான் பேச முடியாதேம்மா…"

"தலையாட்ட முடியும் சார்."

கேட்காரர் யோசித்துப் பார்த்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் மனைவிக்குச் சாப்பாடு கொடுத்தார், துணி மாற்றினார், தண்ணீர் கொடுத்தார். அவளிடம் ஒரு கேள்வி கேட்டதாக அவருக்கு ஞாபகமே வரவில்லை. ஊரில் போகிறவன் வருகிறவனை எல்லாம் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்ட மனுஷர்!

"வேற ஒரு வீட்டுல கூப்பிட்டிருக்காங்க சார். இன்னும் சரின்னு சொல்லல. நீங்க கூப்பிட்டா நான் வர மாட்டேன். அக்கா கூப்பிட்டா யோசிக்கறேன்" என்றாள் அவள். பேசவே பேசாதவள் எப்படிக் கூப்பிடுவாள் என்று யோசித்துக்கொண்டே அவர் படியிறங்கினார்.

வீட்டில் கொழுந்தியாள் கதவைத் திறந்துவிட்டு ஒன்றும் பேசாமல் சமையலறைக்குள் போய்விட்டாள். கேட்காரர் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். மனைவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"உன்னை ஒண்ணு கேக்கணும்" என்றார்.

அவள் மெல்லத் திரும்பினாள்.

"அந்தப் பொண்ணு ஒரு தடவையாவது கேமராவைத் தொட்டாளா?"

அவள் அவரையே பார்த்தாள். பிறகு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அழுத்தமாக ஆட்டினாள். ஆட்டியபடியே அழுதாள். அவருக்கும் அழுகை வந்துவிட்டது. "நான் பாவி. இதை அன்னைக்கே கேட்டிருக்கணும்" என்று அவள் கையைப் பிடித்தார். அவள் கையை உருவிக்கொண்டாள். உருவிய கையால் மேஜை மேலிருந்த போனைக் காட்டினாள்.

எண்ணைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி, அவள் முகத்தருகே வைத்தார்.

"ஹலோ?" என்றது நர்ஸின் குரல்.

மனைவியின் உதடு கோணியது. மூச்சு வந்தது, சத்தம் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. கேட்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளுக்காகத் தானே பேசிவிடலாமா என்று திறந்த வாயை மூடிக்கொண்டார். சமையலறை வாசலில் கொழுந்தியாள் வந்து நின்றாள்.

"வா…" என்றாள் மனைவி. "வா… ம்மா."

"அக்கா! நீங்களா பேசறீங்க!" அந்தக் குரல் உடைந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள். "அக்கா, நீங்களா கூப்பிடறீங்களா, சார் சொல்லச் சொன்னாரா? சார் உங்க பக்கத்துல உக்காந்திருக்காரா?"

மனைவி கேட்காரரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள். பஸ் நிலையக் கவுன்ட்டரில் உட்கார்ந்து சொல்வதுபோல் அவ்வளவு தெளிவாக வந்தது அந்த வார்த்தை.

கேட்காரர் போனைத் தலையணை மேல் சாய்த்து வைத்தார். அவள் சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று, நாற்காலி சத்தம் போடாமல் எழுந்து, வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாசலில் நின்றார்.